கரத்தலும் மறைத்தலும்

பாராட்டுரைகளை முன்பே பேசியவர்கள் நிறைவாகச் சொல்லிவிட்டதால் நேரே பொருளுக்கு வருகிறேன். கரத்தலும் மறைத்தலும் ஒருபொருட் சொற்களே, யாப்புக்காகவே வள்ளுவர் மாற்றி மாற்றி ஆண்டார் என்று இந்த அவையிலுள்ள சிலர் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். நான் மறுத்துவருவதும் அவர்கள் அறிந்ததே. இடைமறிக்க முடியாத மேடை இன்று கிடைத்திருப்பதால் வழக்கை முழுதாக எடுத்துவைக்கிறேன்.

மறைத்தலுக்கு ஒரு திரை வேண்டும். கரத்தலுக்கு எதிரே உரிமையுள்ள ஓர் ஆள் வேண்டும். இதுவே என் துணிபு. திருக்குறளின் கூடாவொழுக்கம் அதிகாரத்தில் புதருக்குப் பின்னிருந்து பறவை பிடிக்கும் வேடனுக்கு வள்ளுவர் இட்ட சொல் மறைதல். இடையில் புதர் நிற்கிறது. பறவைக்கு வேடன் எதையும் தரக் கடமைப்பட்டவன் அல்லன். சுற்றந்தழாலில் வரும் காக்கையோ கரவாமல் இனத்தைக் கூவி அழைத்து உண்கிறது. அங்கே திரை ஏது? கூவாமல் தின்றாலே அது கரவுதான், ஏனெனில் இனத்துக்கு அதில் பங்குண்டு. இரவு, இரவச்சம் ஆகிய அடுத்தடுத்த அதிகாரங்களில் பத்துக் குறள்களில் கரவு வருவதும் இதனால்தான். பொருளை வைத்துக்கொண்டே இரப்பவனிடம் 'இல்லை' என்பவன் எதையும் மூடிவைப்பதில்லை, சொல்லாலேயே கரக்கிறான். இரவச்சத்தின் கடைசிக் குறள் இன்னும் தெளிவு. 'இல்லை' என்ற சொல்லைக் கேட்டதும் இரப்பவனுக்கு உயிர் போகிறதே, அதைச் சொன்னவனுடைய உயிர் மட்டும் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்று அது கேட்கிறது. ஒரே குறளில் கரப்பவரும் இருக்கிறார், ஒளித்தலும் இருக்கிறது. ஒளித்தலுக்கு மட்டும் 'எங்கே' என்ற கேள்வி வருகிறது. ஒளித்தல் இடத்தைத் தேடும் சொல். இவ்விரு சொற்களையும் இடம்மாற்றிப் பார்க்கும்படி நண்பர்களை அழைக்கிறேன்.

அவர்களுடைய வலுவான சான்று படர்மெலிந்திரங்கல். முதற்குறளில் தலைவி நோயை மறைக்கிறாள், அடுத்த குறளில் கரக்க இயலாது என்கிறாள்; நோய் ஒன்றே. பரிமேலழகரும் கரத்தலை மறைத்தல் என்றே விரிக்கிறார். ஆனால் உரைகாரர் அரிய சொல்லைப் பொதுச்சொல்லால் விளக்குவது இயல்பு. அதனால் இரண்டும் ஒன்றாகிவிடா. மேலும் இரண்டாம் குறளில் கரத்தலுக்கு எதிரே நிற்பது, நோய் செய்தவனுக்கு உரைத்தல். குறிப்பறிவுறுத்தலின் முதற்குறளிலும் தலைவி கரந்தாலும் அவள் கண் உரைக்கிறது. இரண்டிடத்தும் உரைத்தலே எதிர்ச்சொல். கேட்க உரியவன் தலைவன். இது தற்செயல் என்பவர் சான்று காட்டட்டும்.

இனி, இத்தகைய வேற்றுமைகளை மேலும் ஆய்வதற்கான வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சீக்ரெட், கோவர்ட், கிளாண்டஸ்டைன் போன்ற சொற்களின் வேற்றுமையை ஆங்கில அகராதிகள் விளக்குகின்றன. நம் நிகண்டுகள் பொருள் ஒற்றுமையைத் தொகுப்பதோடு நின்றன. விசயமங்கலத்துக் கொங்குவேளிரின் பெருங்கதை இந்த ஆய்வுக்கென்றே அமைந்த நூல். வீரர் பதுங்கிய பொய்யானை, தான் இறந்ததாகச் செய்தி பரப்பிய அமைச்சன் யூகி, மனைவி வாசவதத்தை உயிரோடிருப்பதை அறியாத மன்னன் உதயணன் என்று திரை, இடம், உரிமை மூன்றும் அதில் உண்டு. உ.வே.சா.வின் 1924ஆம் ஆண்டுப் பதிப்பைக் கொண்டு சொல்லடைவு செய்யலாம். ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' நாவலையும், பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதியையும் உடன் வைத்துக்கொண்டு, 'கமுக்கம்' போன்ற பேச்சுவழக்குச் சொற்களையும் சேர்க்க வேண்டும். களவு என்ற சொல் திருட்டுக்கும் காதலுக்கும் எப்படிப் பொதுவாயிற்று என்பது தனி ஆய்வு. இளையவர் யாரேனும் எடுத்துக்கொள்ளலாம்.