கம்ப்யூட்டர் எல்லாப் பிள்ளைக்கும் வேணும்

(விக்கிரமசிங்கபுரத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



பத்தாம் வகுப்பில் நம்ம பிள்ளைகளுக்கு ஐந்து பாடம். அதில் கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது? அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பாடமாக இருக்கிறது. மனப்பாடம் செய்து எழுதினால் மார்க் வரும். ஆனால் கை பழகுமா?

பிளஸ் ஒன்னில் அது தனிப் பாடம்தான். ஆனால் அந்த குரூப் எடுத்தவர்களுக்கு மட்டும். மற்ற பிள்ளைகள் அதைத் தொடாமலே பள்ளிப் படிப்பை முடித்துவிடலாம்.

நம்ம மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவைப் பாருங்கள். 2001-இல் இதற்கென்று தனித் திட்டம் தொடங்கினார்கள். 2005 முதல் எஸ்.எஸ்.எல்.சி. தேர்விலேயே கம்ப்யூட்டரும் ஒரு பாடம். அங்கே எல்லாப் பிள்ளைகளும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செய்து காட்ட வேண்டும்.

“இன்னொரு பாடமா? பிள்ளை ஃபெயில் ஆயிட்டா என்ன செய்ய?” என்று கேட்பீர்கள். நியாயமான பயம்தான். முதலில் ஓடுகிற மெஷினும் சொல்லிக்கொடுக்க ஆசிரியரும் வேண்டும். பரீட்சை அதற்குப் பிறகுதான்.

ஆனால் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பையன் பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பழகிக்கொள்வான். பள்ளிவிட்டு வந்ததும் பீடித்தட்டை மடியில் வைக்கிற பெண்பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு இடம் கிடையாது. விருப்பப்பட்டவர்கள் படிக்கலாம் என்று விட்டால், விடுபடுவது அவள்தான்.

பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான மத்திய அரசு உதவித்தொகைக்கு இணையதளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். என்ஜினியரிங் கலந்தாய்வும் அப்படித்தான். ஆதாரில் ஒரு பெயர், பாங்கு புத்தகத்தில் ஒரு பெயர் என்றால் பணம் வருவதில் சிக்கல். யாரோ அடித்துக் கொடுப்பதை அப்படியே வாங்கி வருகிறோம். சரியா என்று பார்க்க வீட்டில் ஒரு ஆளாவது வேண்டாமா?

2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப்பேர் பெண்கள். அந்தக் கூட்டத்துக்குப் போய் மூன்று கேள்வி கேளுங்கள்:

1. பள்ளியில் எத்தனை கம்ப்யூட்டர் ஓடுகிறது?

2. ஒவ்வொரு வகுப்புக்கும் வாரத்தில் எத்தனை பீரியடு?

3. பெண்பிள்ளைகள் உட்கார்ந்து செய்கிறார்களா, பின்னால் நின்று வேடிக்கை பார்க்கிறார்களா?

வருகிற பதிலைக் குழுக் கூட்டத்தில் சொல்லி, தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். அடுத்த மாதம் எல்லாக் குழுக்களின் பதிலையும் சேர்த்து, கூட்டமைப்பு சார்பில் மனுவாகக் கொடுப்போம். கடன் கேட்க பாங்கு மேனேஜர் முன்னால் தைரியமாகப் போய் நின்றவர்கள் நாம். தலைமையாசிரியர் முன்னாலும் போய் நிற்போம்.