தோலுக்கு அடியில் ஒரு மருந்துப் பம்பு

கயத்தாறு வட்டாரத்தில் பனையேறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மரத்திலிருந்து தவறி விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டால், கால் மரத்துப்போவதோடு துன்பம் தீர்வதில்லை. சில மாதங்களில் அதே கால் விறைத்து, வெட்டி வெட்டி இழுக்கும். ராத்திரி தூக்கமிருக்காது, நாற்காலியில் உட்காரவும் விடாது.

தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில் 1981-இல் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணனும் இப்படி அடிபட்டவர்தான். 1975-இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். இத்தகையவர்களின் விறைப்புக்கு முதலில் பயிற்சி, பிறகு மாத்திரை. அதற்கும் அடங்காதவர்களுக்காக அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் பென் 1984-இல் ஒரு வழி கண்டார். அடிவயிற்றுத் தோலுக்கு அடியில் உள்ளங்கையளவு பம்பு. அதிலிருந்து மெல்லிய குழாய் இடுப்பைச் சுற்றி முதுகுத்தண்டுக்குள் போகும். பேக்லோஃபென் என்ற மருந்து மைக்ரோகிராம் கணக்கில் தண்டுவட நீரில் இறங்கும். இந்தியாவில் இதற்குச் செலவு லட்சங்களில். பெருநகர மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

அறுவைக்குப் பின் பம்பு இருக்கும் இடத்தில் சீழ் பிடிக்கலாம். அது மூளை உறைவரை பரவினால் பம்பையே எடுத்துவிட நேரும். தண்டுவட நீர் கசிந்தால், எழுந்து உட்கார்ந்ததும் தலை பிளக்கும், படுத்தால் குறையும். 1898-இல் முதுகில் ஊசி போட்டு மரக்கவைக்கும் முறையைத் தன் உடம்பிலேயே சோதித்த ஜெர்மன் மருத்துவர் ஆகஸ்ட் பியர் இந்தத் தலைவலியால் பல நாள் அவதிப்பட்டார்.

மிகவும் அஞ்ச வேண்டியது வேறு. குழாய் மடங்கினாலோ அறுந்தாலோ, மருந்து நிரப்பும் தேதி தவறினாலோ மருந்து சட்டென்று நின்றுவிடும். முதலில் தடிப்பில்லாத அரிப்பு. அடுத்து பழைய விறைப்பு பல மடங்காகத் திரும்பும். கடும் காய்ச்சல், பிதற்றல். தசை சிதைந்து சிறுநீரகம் கெட்டு உயிரே போகலாம். விஷக்காய்ச்சல் என்று நினைத்து இரண்டு நாள் வீட்டில் வைத்துப் பார்க்கிற நோய் அல்ல இது. உடனே நெல்லைக்கோ மதுரைக்கோ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பம்பு வைத்த மருத்துவருக்கும் போன் போட வேண்டும். பம்பைச் சரிசெய்யும்வரை அந்த மருந்தை வாய்வழியே கொடுப்பார்கள், ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

பம்பின் விவரம் எழுதிய அட்டை எப்போதும் சட்டைப்பையில் இருக்க வேண்டும், அதுவும் தமிழிலும் எழுதியதாக. குடல்வால் அறுவைக்குப் போனாலும் அதைக் காட்ட வேண்டும். தெரியாமல் முதுகில் போடும் மயக்க ஊசி குழாயைக் குத்திவிடக்கூடும். எம்.ஆர்.ஐ. காந்தத்துக்குள் போனால் பம்பின் மோட்டார் தற்காலிகமாக நிற்கும். பெரும்பாலும் தானே மறுபடி ஓடத் தொடங்கும். ஆனாலும் அதற்குரிய கருவியை வயிற்றின் மேல் வைத்துச் சோதித்த பிறகுதான் வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.