கணக்கு எழுதாதே

(அம்பத்தூரில் மாணவர்களும் ஆலைத் தோழர்களும் கூடிய வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, ஐரோப்பாவில் நடந்த குடியானவர் கலகங்கள் பற்றிப் பேசச் சொன்னீர்கள். நான் வரலாற்று வாத்தியார் இல்லை. எஸ்டேட்டில் லேத் ஓட்டியவன். படித்ததில் உறைத்ததை மட்டும் சொல்றேன்.

1348இல் இங்கிலாந்தில் கொள்ளைநோய் புகுந்தது. ஊர் ஊராகச் செத்தார்கள். மிஞ்சிய கூலிக்காரன் கூடுதல் கூலி கேட்டான். 1351இல் சட்டம் வந்தது: பழைய கூலிக்கு மேல் கேட்கக்கூடாது. பிரான்சோடு நடந்த நூறாண்டுப் போருக்குத் தலைவரி வேறு. 1381இல் அது தலைக்குப் பன்னிரண்டு பென்ஸ். எசெக்சும் கென்ட்டும் கிளம்பின. வாட் டைலர் தலைமையில் லண்டனுக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள். அந்தப் பண்ணையடிமைக்கு அவர்கள் மொழியில் பேர் 'வில்லன்'. ஆமா, நம்ம சினிமா வில்லன்தான். ஆண்டைக்கு உழுதவன் பேரு கடைசியில் அயோக்கியனுக்குப் பேராச்சு. யார் மொழியை யார் எழுதினாங்கன்னு பாருங்க.

ஜூன் 15 அன்று 14 வயது ராஜா ரிச்சர்ட் பேச்சுவார்த்தைக்கு வந்தான். பேச வந்த வாட் டைலரை வெட்டினார்கள். எழுதிக்கொடுத்த விடுதலைச் சாசனங்களை ராஜா ரத்து செய்தான். தோற்ற கதைதான். ஆனால் ஒன்று என்னை விடவில்லை: போன இடங்களில் தேடித் தேடிக் கொளுத்தியது பண்ணைக் கணக்குச் சுருள்களை. எவன் எந்த ஆண்டைக்கு அடிமை, எத்தனை நாள் வெட்டிவேலை, எல்லாம் அதிலேதான் இருந்தது.

இது நடந்து 48 வருஷம் கழித்து நம்ம பக்கம். 1360களிலேயே விஜயநகரத்துக் குமார கம்பணன் சம்புவராயரை முறியடித்துத் தொண்டை மண்டலத்தைப் பிடித்துவிட்டான். அப்புறம் மதுரை. படை வந்தால் பின்னாலேயே வரியும் வரும். 1429இல், இரண்டாம் தேவராயன் ஆட்சியில், வலங்கை 98, இடங்கை 98 சாதியாரும் விருத்தாசலம் கோயிலில் கூடினார்கள். கொறுக்கையிலும் ஆடுதுறையிலும் இதே கிளர்ச்சிக்குக் கல்வெட்டு இருக்கிறது. நொபொரு கராஷிமாவும் சுப்பராயலுவும் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். அதிகாரிகளும் ஜீவிதக்காரர்களும் கொடுமை செய்கிறார்கள். காணி வைத்திருக்கிற பிராமணரும் வெள்ளாளரும் அவர்களோடு சேர்ந்து வரி பிடுங்குகிறார்கள். ஆகவே இவர்களுக்கு யாரும் இடம் கொடுக்கக்கூடாது. இந்த மண்டலத்தில் பிறந்தவன் எவனும் அவர்களுக்குக் கணக்கு எழுதக்கூடாது. மீறினால் குத்திப் போடலாம்!

அங்கே கணக்கைக் கொளுத்தினான். இங்கே கணக்கை எழுதாதே என்றான்.

உடனே கைதட்டிவிடாதீர்கள். கூடிய இடம் கோயில். பறையரும் பள்ளரும் சக்கிலியரும் அந்தக் கோயிலுக்குள் போய் உட்கார்ந்தார்களா? 'எல்லாரும் கூடினோம்' என்று எவன் சொன்னாலும் இதை நாம் கேட்டுத்தான் ஆகணும். இன்னொன்று. அன்று சேர்ந்த இரண்டு கையும் 1707இல் சென்னைப் பட்டணத்தில் அடித்துக்கொண்டன. எந்தத் தெருவில் எவன் கல்யாண ஊர்வலம் போவது என்று சண்டை. கவர்னர் பிட் காலம். வலங்கையார் கோபித்துக்கொண்டு சாந்தோமுக்கே போய்விட்டார்கள். பறையன் வலங்கை, சக்கிலியன் இடங்கை என்று நம்மையும் இரண்டு பக்கமும் நிறுத்தி அடிவாங்க வைத்தார்கள். இந்தப் புத்தி நமக்குள் இன்னும் முழுசாப் போயிடலை. மறைத்துப் பயனில்லை.

பூந்தமல்லிக்கு மேற்கே எங்க ஊரு. அப்பா வெட்டியான் வேலை பார்த்தார். நிலம் அளக்க வந்தால் சங்கிலி பிடிப்பது அப்பா, எழுதுவது கர்ணம். என்ன எழுதினாங்கன்னு அப்பா ஒருநாளும் பார்த்ததில்லை. படிக்கவும் தெரியாது. 1980இல் கர்ணம் பதவி ஒழிந்தது. ஏடு ஒழியவில்லை.

இந்த வட்டாரம் ஒருகாலத்தில் செங்கல்பட்டு ஜில்லா. கலெக்டர் ட்ரெமென்கீர் 1891இல் நம் நிலைமையைப் பற்றி அறிக்கை எழுதினார். 1892இல் பஞ்சமி நிலத்துக்கு அரசாணை வந்தது. நம்மவர் அல்லாதவருக்கு விற்க முடியாத நிலம். அது கைமாறியதும் கணக்கில்தான். 1994இல் காரணையில் அதைத் திருப்பிக் கேட்டு ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள்.

நமக்குக் கொளுத்துகிற வேலை வேண்டாம். கொளுத்தினால் நம் பேரும் சேர்ந்து எரியும். சர்வே எண்ணோடு ஏ ரிஜிஸ்டர் நகல் எடுத்தவர்கள் கூட்டம் முடிந்ததும் இங்கே இருங்கள். எடுக்காதவர்கள் ஊர்ப் பேரை எழுதிக் கொடுங்கள். திங்கட்கிழமை தாலுகா ஆபீசுக்கு நாலு பேராவது சேர்ந்து போகணும்.