பெயர், தலைப்பு, முகப்பு



தன் நாவலைத் தானே அச்சிடத் துணியும் எழுத்தாளன் ஒரு சுதந்திரத்தைப் பெறுகிறான். கூடவே ஒரு சாக்கையும் இழக்கிறான். பாத்திரத்தின் பெயர் பொருந்தவில்லை, தலைப்பு ஒட்டவில்லை, அட்டை உறுத்துகிறது என்றால், பதிப்பாளர்மீது பழிபோட அவனுக்கு வழியில்லை. மூன்றுக்கும் அவனே பொறுப்பு.

வர்ஜீனியா உல்ஃபும் அவர் கணவர் லெனார்டும் 1917இல் தங்கள் வீட்டு உணவறையில் சிறு கையச்சுப் பொறி ஒன்றை வைத்து ஹோகார்த் அச்சகத்தைத் தொடங்கினர். 1922இல் அதன் வெளியீடாக வந்தது, 'ஜேக்கப்பின் அறை' என்னும் உல்ஃபின் நாவல்.

கதைநாயகனின் முழுப்பெயர் ஜேக்கப் ஃபிளாண்டர்ஸ். ஃபிளாண்டர்ஸ் என்பது முதல் உலகப்போரில் எண்ணற்ற இளைஞர்கள் மடிந்த மண். அவன் சாவை நாவல் எங்கும் வருணிக்கவில்லை. வருணிக்க வேண்டிய தேவையும் இல்லை. அக்காலத்து வாசகருக்குப் பெயரே போதும். பிறந்தபோதே அவன் முடிவைப் பெயரில் எழுதிவிட்டார் ஆசிரியர்.

தலைப்போ ஜேக்கப்பைச் சுட்டவில்லை. அவன் அறையைச் சுட்டுகிறது. நாவல் முழுதும் பிறர் கண்களில் துண்டு துண்டாகத் தெரிபவன் இறுதியில் இல்லாமற் போகிறான். எஞ்சுவது ஆளில்லாத அறையும் அவனுடைய பழைய காலணிகளுமே. அங்கேதான் தலைப்பின் பொருள் திறக்கிறது.

முகப்பை வரைந்தவர் உல்ஃபின் தமக்கை வனெஸா பெல். திரைச்சீலை, மலர்க்கிண்ணம், அவ்வளவே. அழகிய பெண் இல்லை, ஜேக்கப்பும் இல்லை, அவன் அறைகூட இல்லை. புத்தக வணிகர் பலர் அதைக் கண்டு நகைத்ததை லெனார்டு பின்னாளில் பதிவு செய்துள்ளார். ஆயினும் உல்ஃப் அஞ்சவில்லை. அடுத்தடுத்த நாவல்களின் முகப்பையும் தமக்கையே வரைந்தார். பிடிபடாத மனிதனைப் பற்றிய நூலுக்கு அவன் முகத்தை அட்டையில் இடுவதே பொய்யாகியிருக்கும்.

தமிழில் இத்துணிவுக்குச் சான்று சி.சு. செல்லப்பா. 'எழுத்து' இதழைத் தொடங்கிய 1959ஆம் ஆண்டிலேயே தம் சொந்த வெளியீடாக 'வாடிவாசல்' குறுநாவலைத் தந்தார். மாடு அணையும் வீரன் பிச்சியின் பெயரையோ, காரிக் காளையின் பெயரையோ நூலுக்குச் சூட்டவில்லை. மனிதனும் விலங்கும் எதிரெதிர் நிற்கும் இடத்தின் பெயரைச் சூட்டினார். வெற்றி யாருக்கு என்பதைவிட அந்த இடம் மனிதனை என்ன செய்கிறது என்பதே அக்கதை.

அதே செல்லப்பா முதுமையில், 1997இல், 'சுதந்திர தாகம்' நாவலை மூன்று பாகங்களாகத் தாமே வெளியிட்டார். நூல்களைத் தோளில் சுமந்து கல்லூரிகளுக்கு நடந்து விற்றவர் அவர். அப்படி நடப்பவன் ஒவ்வொரு வாசலிலும் தன் தலைப்பைத் தன் வாயால் சொல்லியாக வேண்டும். தன் அட்டையைத் தன் கையால் நீட்டியாக வேண்டும்.

சொந்தமாக வெளியிடுவோர்க்கு உரைகல் அதுவே: முன்பின் அறியாத ஒருவரிடம் நூலை நீட்டும்போது, தலைப்பையும் முகப்பையும் குறித்து விளக்கமோ மன்னிப்போ சொல்லத் தோன்றக் கூடாது. தோன்றினால், அச்சுக்கு அனுப்பும் நாள் இன்னும் வரவில்லை.