தொழில் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

(மகளிர் தின விழாவில் பேசியது)



சாதனைப் பெண் ஒருவரைப் பற்றிப் பேசுங்கள் என்று என்னிடம் சொன்னார்கள். விண்வெளிக்குப் போனவங்களைப் பற்றி நிறையப் பேசியாச்சு. நான் நம்ம பக்கத்துக்காரங்க ஒருத்தரைப் பற்றிப் பேசுறேன். கவிஞர் சுகிர்தராணி. ராணிப்பேட்டைப் பக்கம் லாலாப்பேட்டையில் 1973-இல் பிறந்தவர். 2019-இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரிக்கும் வரைக்கும் அவங்களும் நாமும் ஒரே வேலூர் மாவட்டம்தான். அரசுப் பள்ளியில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர். தலித் குடும்பத்தில் பிறந்தவர்.

அவருடைய முதல் கவிதைப் புத்தகம் 'கைப்பற்றி என் கனவு கேள்' 2002-இல் வந்தது. 2004-இல் 'இரவு மிருகம்', அதற்குப் பிறகு இன்னும் பல. பெண்ணின் உடம்பைப் பற்றி, அவள் ஆசையைப் பற்றி, சாதியைப் பற்றி ஒளிக்காமல் எழுதினார். அந்தச் சமயத்தில் சல்மா, குட்டி ரேவதி, மாலதி மைத்ரி, இவங்க எல்லாரையும் சேர்த்து, "பொம்பளைங்க இப்படி எழுதலாமா" என்று ஏசினவர்கள் நிறையப் பேர். இவங்க யாரும் எழுதுவதை நிறுத்தவில்லை. இந்த நாலு பேர் கவிதைகளையும் லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, 2012-இல் ஒரே புத்தகமாக வந்தது.

2021-இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பாடத்திலிருந்து இவர் கவிதைகளை எடுத்துவிட்டார்கள். கூடவே எழுத்தாளர் பாமாவின் எழுத்தையும், வங்காளத்து மகாஸ்வேதா தேவியின் கதையையும் எடுத்தார்கள். 2023-இல் ஒரு பெரிய பத்திரிகை நிறுவனம் இவருக்கு 'தேவி' விருது அறிவித்தது. அந்த விழாவுக்கு அதானி குழுமம் ஆதரவு கொடுக்கிறது என்று தெரிந்ததும், நான் எழுதுவதற்கும் பேசுவதற்கும் அது ஒத்துவராது என்று சொல்லி விருதே வேண்டாம் என்றுவிட்டார். வீடு தேடி வந்த விருதை வேண்டாம்னு சொல்ல எவ்வளவு துணிச்சல் வேணும், யோசிச்சுப் பாருங்க.

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. இவர் கவிதை எல்லாம் எனக்குப் புரிந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் ஒரு கவிதை என்னைத் தூங்கவிடவில்லை. செத்த மாட்டின் தோலை உரிக்கிற வீட்டுப் பிள்ளை அவள். அப்பா பறையோடு எதிரில் வந்தால் தெரியாதவள் மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டு போகிறாள். பள்ளியில் எல்லாவற்றையும் ஒளிக்கிறாள். அப்படி ஒளித்த பிள்ளைதான், வளர்ந்த பிறகு யாராவது கேட்டால் தான் யார் என்று தானே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறாள்.

அதைப் படித்ததும் எனக்கு என் மகள் ஞாபகம் வந்தது. என் வீட்டுக்காரர் டேனரியில் வேலை செய்கிறார். பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் எடுத்து, சதை வழிக்கிற இடம். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த வாசனை சட்டையை விட்டுப் போகாது. மகள் ஆறாம் வகுப்பில் சேரும்போது, "அப்பா இன்னா வேலைன்னு கேட்டா கம்பெனின்னு சொல்லு, டேனரின்னு சொல்லாத" என்று சொல்லிக்கொடுத்தவளே நான்தான். தோல் வேலை என்று சொன்னால் அடுத்த கேள்வி இன்னா வரும்னு நமக்குத் தெரியும். அந்தப் பயம்தான். ஆனால் அவர் கை வெந்து சம்பாதித்த காசில்தான் அவளுக்குச் சீருடை வாங்கினோம்.

அடுத்தது நம்ம குழுவின் உறுப்பினர் பதிவேடு. நான் ஊக்குநராக இருப்பதால் அதை எழுதியது நான்தான். 'தொழில்' என்ற கட்டத்தில் பன்னிரண்டு பேருக்கும் 'இல்லத்தரசி' என்றே எழுதிவிட்டேன். உண்மை என்ன? அதில் எட்டுப் பேர் திண்ணையில் உட்கார்ந்து ஷூ அப்பர் தைக்கிறோம். ஏஜென்ட் மூட்டையைப் போட்டுட்டுப் போவார், ஜோடிக்கு இவ்வளவு என்று கணக்கு. ஊசி குத்தி விரல் நுனி மரத்துப்போயிருக்கு, பிடரியிலும் கண்ணிலும் வலி. நாம் தைத்த ஷூ கப்பல் ஏறி வெளிநாட்டுக்குப் போகுது. ஆனா பதிவேட்டில் நமக்குத் தொழிலே இல்லை. எழுதாத வேலைக்கு யார் கூலி உயர்த்துவார்? கடன் மனுவில் வருமானம் இன்னான்னு கேட்டா எதைக் காட்டுவோம்?

சுகிர்தராணி ஒளித்ததையெல்லாம் எழுத்தில் கொண்டுவந்தார். நமக்குக் கவிதை எழுதத் தெரியாது, சரி. பதிவேடு எழுதத் தெரியுமே! அதிலாவது உண்மையை எழுதுவோம்.

போன மாதக் கூட்டத்தில் எங்கள் குழு தீர்மானம் போட்டது. பழைய பதிவேட்டை அடித்துத் திருத்தி, 'ஷூ அப்பர் தைப்பவர்', 'ஆடு வளர்ப்பவர்', 'நூறு நாள் வேலை' என்று அவரவர் தொழிலை எழுதினோம். யார் யார் எத்தனை ஜோடி, என்ன கூலி என்பதையும் ஒரு நோட்டில் குறித்து வருகிறோம். கூட்டமைப்பில் இருக்கிற எல்லாக் குழுவும் இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எல்லா நோட்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், கூலி பேசும்போது நம் கையில் ஒரு கணக்கு இருக்கும்.

மகளிடமும் பேசினேன். "இனிமே டேனரின்னே சொல்லு" என்றேன். "நீ முதல்ல சொல்லும்மா" என்றாள். அதனால்தான் இன்று இத்தனை பேர் முன்னால் மைக்கில் சொல்கிறேன்: என் வீட்டுக்காரர் டேனரித் தொழிலாளி. நான் ஷூ தைக்கிறவள்.