மரக்குடில் தேடுகிறோம், நம் குழாய்த் தண்ணீரின் ஊருக்குப் போய் வருவோமா?

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர இயலாதவர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)



இரண்டு இரவு எல்லோரும் சேர்ந்து வெளியூர் போகலாம் என்று செயற்குழு சொன்னதிலிருந்து நம் வாட்ஸ்அப் குழுவில் மூன்று கட்சிகள் உருவாகிவிட்டன. இளைஞர்களுக்கு மலையில் மரக்குடில் வேண்டும். பெரியவர்களுக்குக் கோயில் வேண்டும். பிள்ளைகளுக்குத் தண்ணீரும் படகும் வேண்டும். மூன்றையும் ஒரே பயணத்தில் சேர்க்க முடியும் என்று நான் நினைக்கிறேன். என் சொந்த ஊர் லால்பேட்டை. அந்த உரிமையில் இந்த யோசனையை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் மரக்குடில். பின்லாந்து, நார்வே, ரஷ்யா போன்ற குளிர் நாடுகளில் பைன் மரக் கட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வீடு கட்டுவது பழைய வழக்கம். காடு பக்கத்திலேயே இருந்தது. தடித்த மரச்சுவர் உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாது. கடலூர்க் கரையோரத்தில் கதையே வேறு. சூடு வெளியேற வேண்டும், காற்று உள்ளே வர வேண்டும். கரையானும் ஐப்பசி மழையும் உப்புக்காற்றும் மரத்தை விட்டுவைக்காது. அதனால்தான் எங்கள் பக்கத்தில் திண்ணை, முற்றம், ஓட்டுக்கூரை என்று வீடு கட்டினார்கள்.

எனவே அந்தப் பகுதியில் 'மரக்குடில்' என்று விளம்பரம் பார்த்தால் உடனே முன்பணம் கட்டிவிடாதீர்கள். சிமெண்ட் சுவருக்கு மர நிறம் பூசிய அறையாகவும் இருக்கலாம். போனில் ஐந்து கேள்வி கேளுங்கள். சுவர் நிஜமாகவே மரமா? குளியலறை அறையோடு சேர்ந்ததா? வாசலில் எத்தனை படி? மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டா? ஜன்னலுக்குக் கொசுவலை அடித்திருக்கிறதா? ஐந்தாவது கேள்வி சின்னதாகத் தெரியும். ஆனால் சதுப்புநிலம் பக்கத்தில் தங்குபவர்களுக்கு ராத்திரித் தூக்கமே அதில்தான் இருக்கிறது. குடில் சரியாக அமையாவிட்டால் சிதம்பரம் ஊருக்குள் தங்கலாம். அங்கே எல்லா விலையிலும் விடுதிகள் உண்டு, மருத்துவமனையும் பக்கம்.

எப்போது போவது? ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். புயலும் வெள்ளமும் வரும் மாதங்கள். சித்திரை, வைகாசியில் வெயில் தாங்காது, ஏரியிலும் நீர் வற்றியிருக்கும். தை நடுவிலிருந்து மாசி முடிய நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், ஏரி நிறைந்திருக்கும், பறவைகளும் இருக்கும்.

முதல் நாள். சென்னையிலிருந்து புதுச்சேரி, கடலூர் வழியாகச் சிதம்பரம் போக வேனில் ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடுப்புவலி உள்ளவர்கள் விழுப்புரம், கடலூர் வழியாக மயிலாடுதுறை செல்லும் ரயிலில் வரலாம். மதியம் ஓய்வு. மாலையில் நடராஜர் கோயில். கோபுர வாசலுக்குள் நுழைந்ததும் நேராக ஓடிவிடாதீர்கள். இரு பக்கச் சுவரிலும் நாட்டிய சாஸ்திரத்தின் 108 கரணங்களைச் சிலையாக வடித்திருக்கிறார்கள். நம் குடியிருப்பில் பரதம் கற்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது. அதே வளாகத்துக்குள் கோவிந்தராஜப் பெருமாள் சந்நிதியும் இருக்கிறது. இரவுச் சாப்பாட்டில் சிதம்பரம் கொத்சுவை மறக்க வேண்டாம்.

அந்த ஊரின் பழைய பெயர் தில்லை. அது ஒரு மரத்தின் பெயர். அந்த மரத்தைப் பார்க்கத்தான் இரண்டாம் நாள் பிச்சாவரம் போகிறோம். சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் சேரும் இடங்களுக்கு நடுவே 1,100 ஹெக்டேர் பரப்பில் இந்த அலையாத்திக் காடு இருக்கிறது. 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. 2004 சுனாமியின்போது அலையின் வேகத்தைக் குறைத்துப் பின்னால் இருந்த கிராமங்களைக் காத்ததும் இதே காடுதான். எம்.ஜி.ஆர். நடித்த 'இதயக்கனி' இங்கே படமானது என்பதைப் பெரியவர்களே உங்களுக்குச் சொல்வார்கள்.

அங்கே காலையில் வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். மோட்டார் படகு அகலமான வாய்க்காலோடு நின்றுவிடும். மரங்கள் கூரைபோல் மூடிய குறுகலான வாய்க்காலுக்குள் போகத் துடுப்புப் படகுதான் வேண்டும். நீர் வற்றிய நேரத்தில் அதுவும் சில இடங்களில் நுழையாது. எனவே முதல் நாளே படகுத்துறையில் நீரேற்றம் எப்போது என்று கேட்டு வையுங்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் யாரும் ஏறக் கூடாது. வேர்கள் தண்ணீருக்கு மேலே வளைந்து ஊன்றி நிற்பது சுரபுன்னை. தில்லை மரத்தைப் படகோட்டி காட்டுவார். பார்ப்பதோடு சரி, இலையை ஒடிக்க வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர் இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்.

படகுத்துறைக்குப் பக்கத்து ஊர் கிள்ளை. மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி அங்கே கடலுக்குத் தீர்த்தவாரி வருவார். கிள்ளை தர்காவில் முஸ்லிம்கள் அவரை வரவேற்று மரியாதை செய்வது தொன்றுதொட்டு நடக்கிறது. நம் தேதி அதோடு பொருந்தினால் பாக்கியம். ஆனால் கூட்டத்துக்கும் தயாராக இருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலை 6 மணிக்கே கிளம்ப வேண்டும். காரணம், கோயில்களில் மதியம் நடை சாத்தி மாலைதான் திறப்பார்கள். முதலில் கங்கைகொண்ட சோழபுரம். முதலாம் ராஜேந்திரன் கட்டியது. 2004இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. புல்வெளியில் உட்கார்ந்து விமானத்தைப் பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அங்கிருந்து காட்டுமன்னார்கோயில். நாலாயிரத் திவ்யப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகளும் அவர் பேரன் ஆளவந்தாரும் பிறந்த ஊர் அது. அங்கே உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற ரவிதாசன் முதலானோரின் சொத்துகளைப் பற்றிப் பேசும் கல்வெட்டு. 'பொன்னியின் செல்வன்' படித்தவர்கள் அந்தச் சுவர் முன் நின்றால் நகர மாட்டார்கள்!

அடுத்து எங்கள் ஊர் லால்பேட்டை. நூறாண்டு கடந்த மன்பவுல் அன்வார் அரபிக் கல்லூரியும், அகத்தியில் படரவிட்ட வெற்றிலைக் கொடிக்கால்களும் அங்கே உண்டு. ஆனால் நான் காட்ட விரும்புவது வீராணம் ஏரியை.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டில் வெட்டிய ஏரி. அவனுடைய வீரநாராயணன் என்ற பட்டப்பெயர்தான் வீராணம் ஆயிற்று. சுமார் 14 கிலோமீட்டர் நீளம். கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு தண்ணீர் கொண்டுவருகிறது. ஏறத்தாழ 45,000 ஏக்கர் நிலம் இதை நம்பி இருக்கிறது. மழைக்காலத்தில் உபரிநீரை லால்பேட்டையில் வெள்ளியங்கால் ஓடை மதகு வழியாகத் திறப்பார்கள். அப்போது கீழே இருக்கும் கிராமங்களுக்குத் தூக்கம் இருக்காது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? 1970களில் சாலையோரம் கிடந்த ராட்சத வீராணம் குழாய்கள் இங்கே பலருக்கு நினைவிருக்கும். பிறகு 2004இல் புதிய வீராணம் திட்டம் வந்தது. பூதங்குடியில் நீரேற்றி, வடக்குத்தில் சுத்திகரித்து, 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் கொண்டுவருகிறார்கள். நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம் அது. சென்னைக் குழாய்களில் வரும் நீரில் அந்த ஏரியின் பங்கும் உண்டு. ஏரி வற்றும் வருஷம் அங்கே வயல் காய்கிறது, இங்கே நாம் லாரிக்குப் போன் போடுகிறோம். ஒரே தண்ணீரை நம்பி இரண்டு ஊர்கள் வாழ்கின்றன. எத்தனை முறை மீட்டர் பொருத்துவதைப் பற்றி இந்தக் கூட்டத்தில் பேசி முடிவில்லாமல் கலைந்திருக்கிறோம்! அந்தக் கரையில் ஒரு மணி நேரம் நின்று வந்தால் அடுத்த கூட்டத்தில் அந்தப் பேச்சு வேறு மாதிரி நடக்கும் என்பது என் எண்ணம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஏரிக்கரைச் சாலையிலேயே சேத்தியாத்தோப்பு போய், விக்கிரவாண்டி வழியாகச் சென்னை திரும்பலாம். பூதங்குடி வழியில்தான் வரும். கரை சரிவாக இருக்கும். பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்க விடக் கூடாது. பிளாஸ்டிக் தட்டும் தம்ளரும் வேண்டாம். வீட்டுக்கொரு பாட்டில், ஒரு டிபன் பாக்ஸ் போதும்.

வர விரும்புபவர்கள் இந்த மாத இறுதிக்குள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். மாடிப்படி ஏற முடியாதவர்கள், சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் அதையும் தயங்காமல் குறிப்பிடுங்கள். கீழ்த்தள அறைகளை அவர்களுக்கு ஒதுக்கிய பிறகுதான் மற்றவர்களுக்கு அறை பிரிப்போம். படகுக் கட்டணம், அறை வாடகை இரண்டையும் விசாரித்து அறிவிப்புப் பலகையில் போடுவது என் பொறுப்பு.