ராத்திரி டியூட்டி யாருக்கு? அடிக்கடி முழிக்கும் குழந்தையும் தூங்காத அம்மாவும்

ராத்திரி ரெண்டு மணிக்குத் தோள்ல குழந்தையைப் போட்டுக்கிட்டு, இன்னொரு கையில போனைப் பிடிச்சு, "குழந்தை ஏன் தூங்க மாட்டேங்குது"ன்னு தேடிட்டு இருக்கிறவங்களுக்கான எபிசோட் இது. இன்னும் கல்யாணமே ஆகலையேன்னு சொல்றவங்களும் கேளுங்க. உங்க அக்கா வீட்டுலயோ, உங்க டீம்லயோ இப்படி ஒருத்தர் கண்டிப்பா இருப்பாங்க.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் இன்ஜினியர். வீட்டுல ஏழு மாசப் பொண்ணு இருக்கா. அவளுக்காகப் படிச்சதையும், எங்க குழந்தை மருத்துவர்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதையும்தான் இங்க சொல்லப் போறேன்.

குழந்தை ஏன் முழிக்குது? பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 14-லிருந்து 17 மணி நேரம் வரைக்கும் தூங்கும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அது ரெண்டு மணி, மூணு மணி நேரத் துண்டுகளா வரும். வயிறு சின்னது, தாய்ப்பால் சீக்கிரம் செரிச்சிடும், அதனால பசிக்கும். இன்னொண்ணு, பகல் எது ராத்திரி எதுன்னு காட்டுற உடம்புக் கடிகாரம் பிறக்கும்போதே ஓட ஆரம்பிக்கிறது இல்லை. ரெண்டு மூணு மாசம் ஆகும்போதுதான் அது மெல்ல மெல்ல செட் ஆகும்.

அடுத்தது தூக்கத்தோட அமைப்பு. நமக்கு ஒரு தூக்கச் சுற்று ஏறக்குறைய 90 நிமிஷம். கைக்குழந்தைக்கு 50, 60 நிமிஷம்தான். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் லேசா முழிப்பு வரும். இது நமக்கும் வரும். தலையணையைத் திருப்பிப் போட்டுட்டுத் தூங்கிடுவோம், காலையில ஞாபகம் இருக்காது. குழந்தைக்கு அந்த இடத்துல திரும்பத் தூங்கிப் போகத் தெரியாது. கூப்பிடும். அதாவது அழும்.

சரியா நாலாம் மாசம் வாக்குல இன்னொரு மாற்றம் நடக்குது. குழந்தையோட தூக்கம் பெரியவங்க தூக்கம் மாதிரி பல நிலைகளா பிரிய ஆரம்பிக்கும். அதுவரைக்கும் நாலு மணி நேரம் சேர்ந்தாப்ல தூங்கிட்டு இருந்த குழந்தைகூட, திடீர்னு மணிக்கொரு தரம் எந்திரிக்கும்.

இதை நம்ம ஊர் வழக்கத்தோட சேர்த்துப் பாருங்க. பிரசவத்துக்கு அம்மா வீடு. மூணாம் மாசமோ அஞ்சாம் மாசமோ நல்ல நாள் பார்த்துக் குழந்தையைப் புகுந்த வீட்டுக்குக் கூட்டிட்டு வருவாங்க. அதுவரைக்கும் ராத்திரி எந்திரிக்க அம்மா, அம்மாச்சி, சித்தின்னு நாலு கை இருந்திருக்கும். இங்க வேளச்சேரிலயோ ஓஎம்ஆர்லயோ ஒரு ரெண்டு பெட்ரூம் ஃபிளாட். மறுநாள் காலையில ஸ்டாண்ட்-அப் மீட்டிங் இருக்கிற ஒரு அப்பா. அதுவரைக்கும் சனி, ஞாயிறு மட்டும் குழந்தையைப் போய்ப் பார்த்துட்டு வந்தவர் அவர். சரியா அந்த நேரத்துலதான் குழந்தையோட தூக்கமும் மாறுது.

உடனே என்ன சொல்லுவாங்க? "இடம் மாறினது ஒத்துக்கலை." "கண்ணு பட்டுருச்சு, சுத்திப் போடு." இதெல்லாம் பரவாயில்லை, யாரையும் காயப்படுத்தாது. ஆனா அடுத்து ஒண்ணு வரும்: "உனக்குப் பால் பத்தலை." ஏற்கெனவே தூங்காம இருக்கிற ஒரு பொண்ணுகிட்ட சொல்லக் கூடாத வாக்கியம் இது. முழிக்கிறதை வெச்சுப் பால் பத்துதா பத்தலையான்னு முடிவு பண்ண முடியாது. குழந்தை ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது நல்லா ஒண்ணுக்குப் போகுதா, எடை ஒழுங்கா ஏறுதா, இதைத்தான் டாக்டர் பார்ப்பார். ரெண்டும் சரியா இருந்தா பால் போதும்னு அர்த்தம்.

"பக்கத்து வீட்டுக் குழந்தை ராத்திரி முழுக்கத் தூங்குதாமே"ன்னு கேட்கிறவங்களுக்கு ஒரு கணக்கு. கனடாவுல நடந்த ஒரு ஆய்வு 2018-ல பீடியாட்ரிக்ஸ் இதழ்ல வந்தது. ஆறு மாசத்துல 100 குழந்தைகளுக்கு 38 பேர், தொடர்ச்சியா ஆறு மணி நேரம்கூடத் தூங்கலை. ஒரு வயசுலயும் 100-க்கு 28 பேர் அப்படித்தான். தூங்கின குழந்தைக்கும் தூங்காத குழந்தைக்கும் வளர்ச்சியில குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியலை. ஆக, உங்க குழந்தை கெட்டுப் போகலை, நீங்களும் எதையும் கெடுக்கலை.

சரி, என்னதான் பண்ணலாம்?

முதல் விஷயம், வெளிச்சம். காலையில எந்திரிச்சதும் ஜன்னல் ஸ்கிரீனைத் திறங்க, பால்கனிக்குத் தூக்கிட்டுப் போங்க. பகல்ல வீட்டுச் சத்தம் இருக்கட்டும், குக்கர் விசில் அடிக்கட்டும். ராத்திரி பால் கொடுக்கும்போது டியூப்லைட் வேண்டாம், ஜீரோ வாட்ஸ் போதும். பேச்சு, விளையாட்டு வேண்டாம். மலம் போகலைன்னா, டயபர் நிரம்பலைன்னா, மாத்தறதுக்காக எழுப்ப வேண்டாம்.

ரெண்டாவது, ஒரு நிமிஷம் பொறுங்க. கைக்குழந்தையோட தூக்கத்துல பாதிக்குப் பாதி அசைவுத் தூக்கம். முகத்தைச் சுளிக்கும், கையைக் காலை உதறும், முனகும், சிணுங்கும். கண் மூடியே இருக்கும். நாம பதறிப் போய்த் தூக்கினா, தூங்கிட்டு இருந்த குழந்தையை நாமளே எழுப்பி விட்டுடுவோம். கண்ணைத் திறந்து நிஜமாவே அழுதா தூக்குங்க.

மூணாவதுதான் முக்கியம். எப்படித் தூங்கிப் போச்சோ, நடு ராத்திரி முழிக்கும்போதும் குழந்தை அதையேதான் தேடும். பாஸ்டன்ல வேலை பார்த்த குழந்தை மருத்துவர் ரிச்சர்ட் ஃபெர்பர், 1985-ல எழுதின புத்தகத்துல இதை விளக்கமா சொல்லியிருக்கார். நம்ம வீட்டு உதாரணம் தூளி. ஆட்டி ஆட்டித் தூங்க வெச்சு, மெல்ல எடுத்துப் பாய்ல போடுறோம். முதல் சுற்று முடியும்போது குழந்தை லேசா கண்ணைத் திறக்குது. ஆட்டம் இல்லை, துணி இல்லை, எல்லாமே மாறிக் கிடக்கு. நீங்க கட்டில்ல தூங்கி, நடு ராத்திரி கிச்சன் தரையில முழிச்சா எப்படி இருக்கும்? கத்த மாட்டீங்களா?

அதுக்காகத் தூளியைக் கழட்டி எறிய வேண்டாம். அஞ்சு, ஆறு மாசத்துக்கு அப்புறம் மெல்ல மாத்தலாம். தூளியில அமைதியாகிற வரைக்கும் ஆட்டுங்க, கண் சொருகும்போது எடுத்துப் படுக்க வெச்சு, தட்டிக் கொடுங்க. அழுதா தூக்குங்க, திரும்ப முயற்சி பண்ணுங்க. ராத்திரியோட முதல் தூக்கத்துக்கு மட்டும் இதைச் செஞ்சாப் போதும். ஒரு மாற்றம் பண்ணினா நாலஞ்சு நாளாவது விட்டுப் பாருங்க. ஒரே நாள்ல மூணை மாத்தினா எது வேலை செஞ்சுதுன்னே தெரியாது. பக் ஃபிக்ஸ் பண்ற யாருக்கும் இது புதுசு இல்லை.

"அழ விட்டா தானா பழகிடும்னு சொல்றாங்களே, அது சரியா?" இதை நிறையப் பேர் கேட்கிறாங்க. மெல்போர்ன்ல இப்படிப்பட்ட தூக்கப் பயிற்சி கொடுத்த குழந்தைகளை ஆறு வயசு வரைக்கும் பின்தொடர்ந்து, 2012-ல முடிவை வெளியிட்டாங்க. கொஞ்சம் கொஞ்சமா இடைவெளி விடுற முறைகள் அவை. நீண்ட காலக் கெடுதலும் தெரியலை, நீண்ட காலப் பலனும் தெரியலை. அப்போ இது அந்தந்த வீட்டோட முடிவு. எங்க வீட்டுல அழ விடலை. விடுறவங்களை நான் குறை சொல்லவும் மாட்டேன். ஆறு மாசத்துக்கு முன்னாடி மட்டும் வேண்டாம், அப்போ நிஜமாவே பசிதான்.

இதெல்லாம் செஞ்சாலும் குழந்தை முழிக்கும். கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அதனால வீட்டுல உட்கார்ந்து பேச வேண்டிய கேள்வி வேற: முழிக்கும்போது யார் எந்திரிக்கிறது?

நம்ம டீம்ல ஒரே ஆளை ஆறு மாசம் தொடர்ந்து ஆன்-கால்ல போடுவோமா? போட்டா எச்ஆர் வரைக்கும் போகும். வீட்டுல மட்டும், "அவ லீவுலதானே இருக்கா"ன்னு சொல்லிடுறோம். நம்ம நாட்டுச் சட்டப்படி பிரசவ விடுப்பு 26 வாரம், அதாவது ஆறு மாசம். அது முடிஞ்சு அவங்க ஆபீஸ் போகும்போதும் குழந்தை ராத்திரி முழிச்சிட்டுத்தான் இருக்கும். தனியார் கம்பெனிகள்ல அப்பாக்களுக்கு லீவு கொடுத்தே ஆகணும்னு சட்டம் இல்லை, அது தெரியும். ஆனா ராத்திரி பத்து மணிக்கு மேல எந்த மேனேஜர்கிட்டயும் லீவு கேட்க வேண்டியது இல்லையே.

எங்க வீட்டு ரோஸ்டர் இது. ராத்திரி ஒன்பதரையிலிருந்து ரெண்டு மணி வரைக்கும் என் டியூட்டி. மனைவி பக்கத்து ரூம்ல கதவைச் சாத்திட்டுத் தூங்குவாங்க. ரெண்டு மணிக்கு மேல அவங்க, ஆறு மணிக்கு மறுபடி நான். நாலு மணி நேரமாவது சேர்ந்தாப்ல தூங்கின ஆளும், ஏழு துண்டா தூங்கின ஆளும் காலையில ஒரே ஆள் இல்லை. என் டியூட்டியில பசிச்சா, பிழிஞ்சு வெச்ச தாய்ப்பால் கொடுப்பேன். ஃபிரிட்ஜ்ல நாலு நாள் வரைக்கும் வெச்சிருக்கலாம். வெளியில நாலு மணி நேரம்னு சொல்றது 25 டிகிரி ரூமுக்கு. சென்னை மே மாசத்துக்கு அது பொருந்தாது, எடுத்த உடனே ஃபிரிட்ஜ்ல வெச்சிடுங்க. சூடு பண்ண மைக்ரோவேவ் வேண்டாம், கிண்ணத்து வெந்நீர்ல பாட்டிலை வெச்சாப் போதும்.

பிழிஞ்சு வைக்க முடியலையா? அப்பவும் வேலை இருக்கு. அப்பா எந்திரிச்சு, துணி மாத்தி, அம்மாகிட்ட கொண்டு வந்து கொடுங்க. குடிச்சு முடிச்சதும் வாங்கி, ஏப்பம் வர வெச்சு, தூங்க வைங்க. ஒரு மணி நேர வேலை அம்மாவுக்கு இருபது நிமிஷமா குறையும். அம்மாவோ மாமியாரோ கூட இருந்தா அவங்களையும் ரோஸ்டர்ல சேருங்க. "நீங்க காலையில அஞ்சுலேர்ந்து எட்டு பாத்துக்கறீங்களா அத்தை"ன்னு நேரம் குறிச்சுக் கேட்டா, சந்தோஷமா செய்வாங்க.

தூக்கக் கலக்கத்துல மறக்கக் கூடாத சில விஷயங்கள் இருக்கு. குழந்தையை மல்லாக்கத்தான் படுக்க வைக்கணும். சமமான, கெட்டியான படுக்கை. தலையணை, கனத்த போர்வை, பொம்மை எதுவும் பக்கத்துல வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாடமி, ஒரே ரூம்ல தனிப் படுக்கைன்னு சொல்லுது. குழந்தையோட சோஃபாவுல சாஞ்சபடி தூங்கிடறது ரொம்ப ஆபத்து. கண் சொருகுதுன்னா அடுத்த ஆளை எழுப்புங்க. அம்மாவோ அப்பாவோ குடிச்சிருந்தா, தூக்க மாத்திரை போட்டிருந்தா, சிகரெட் பழக்கம் இருந்தா, பக்கத்துல படுக்க வைக்கவே கூடாது. தூளியில தூங்கும்போது யாராவது கண்ணு வெச்சுக்கிட்டே இருக்கணும்.

தூங்கறதுக்காக இருமல் மருந்து கொடுக்கிறது, வசம்பு உரைச்சு நாக்குல வைக்கிறது, ஒரு வயசுக்கு முன்னாடி தேன் தர்றது, ஆறு மாசத்துக்கு முன்னாடி தண்ணியோ கஞ்சியோ தர்றது, எதுவும் வேண்டாம்.

மூணு மாசத்துக்குக் கீழ இருக்கிற குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தா, விடியுற வரைக்கும் காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க. எடை ஏறலை, ஒண்ணுக்குப் போறது குறைஞ்சிருக்கு, தினமும் சத்தமா குறட்டை விடுது, மூச்சு நின்னு நின்னு வருது, என்ன பண்ணினாலும் அழுகை அடங்கலைன்னாலும் டாக்டரைப் பாருங்க.

அம்மாவையும் கவனிங்க. குழந்தை தூங்கும்போதும் அவங்களுக்குத் தூக்கம் வரலையா? எப்பவும் அழுகையா, எதுலயும் பிடிப்பு இல்லையா, "நான் இல்லாம இருந்தா நல்லா இருக்கும்"னு சொல்றாங்களா? அது சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை. பிரசவத்துக்குப் பிறகு வர்ற மனச்சோர்வா இருக்கலாம், அதுக்குச் சிகிச்சை இருக்கு. டெலி-மானஸ் எண் 14416. இலவசம், இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

இன்னைக்கு நைட் சாப்பிட்டதும் பத்து நிமிஷம் உட்காருங்க. ஒரு பேப்பர்ல ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு வரைக்கும் கோடு போட்டு, ரெண்டு பேர் பேரையும் எழுதி ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டுங்க. வேலைக்கு ஆகலைன்னா ஒரு வாரம் கழிச்சு மாத்திக்கலாம். இந்த எபிசோடை எழுத்துல படிக்கிறவங்க, பக்கத்துல தூங்குற ஆளுக்கு இதை அனுப்பி வைங்க. எழுப்ப வேண்டாம், காலையில பார்த்துப்பாங்க. அடுத்த வாரம் பார்க்கலாம். வர்றேன் மக்களே.